பந்து வேண்டாம் என்று ஒளிந்த நாட்கள்

கால்பந்தில் எட்டு வருடம் நடு டிஃபெண்டராக, அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவனாக, ஆடியவன் நான். ஓர் அணிக்கு நம்பிக்கை போய்விட்டதா என்பது பின்னால் நிற்பவனுக்குத்தான் முதலில் தெரியும்.

ஒரு சீசனில் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றோம். பயிற்சியில் எல்லாரும் நன்றாகவே ஆடினார்கள். ஆட்டம் தொடங்கினால் கதை வேறு. என் காலுக்குப் பந்து வந்ததும் நிமிர்ந்து பார்ப்பேன். எங்கள் நடுக்கள ஆட்கள் எதிரணிக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். "கொடு" என்று கேட்க ஒருவரும் இல்லை. வேறு வழியில்லாமல் தூக்கி அடிப்பேன். போன வேகத்தில் அது திரும்பி வரும்.

ஆறாவது ஆட்டத்திலும் ஒரு கோல் பின்தங்கினோம். அப்போது கார்னரில் வந்த பந்து எங்கள் ஆள் ஒருவர் முழங்காலில் பட்டு எதிரணி வலைக்குள் உருண்டது. அவ்வளவுதான். அடுத்த நிமிடம் நான் பந்தை எடுத்தபோது மூன்று பேர் கையைக் காட்டிக் கேட்டார்கள்! அதே ஆட்கள், அதே கால்கள். அன்று 2-1 என்று ஜெயித்தோம்.

2005இல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் மிலானிடம் 3-0 என்று பின்தங்கிய இங்கிலாந்து கிளப் லிவர்பூல், இரண்டாம் பாதியில் ஆறு நிமிடத்தில் மூன்று கோல் போட்டதை இப்போது பார்த்தாலும் எனக்கு அந்த முழங்கால் கோல்தான் நினைவுக்கு வரும். லிவர்பூல் கேப்டன் ஜெரார்டு தலையால் முட்டிய முதல் கோலிலேயே மிச்ச இரண்டும் இருந்தன என்று நம்புகிறேன்.

இதன் மறுபக்கம் கொடுமையானது. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் 23ஆவது நிமிடத்திலிருந்து 29ஆவது நிமிடத்துக்குள் ஜெர்மனியிடம் நான்கு கோல் வாங்கியது. அதில் ஒன்று, நடுவிலிருந்து ஆட்டம் மறுபடி தொடங்கியதுமே பிரேசிலின் பெர்னாண்டினோவிடம் பந்தைப் பறித்து ஜெர்மனியின் க்ரூஸ் போட்டது. அந்த நேரத்தில் யாராவது பந்தை வெளியே அடித்து, ஆட்டத்தை ஒரு நிமிடம் ஆறப்போட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் அது தோன்றாது, எனக்கும் தோன்றியதில்லை.

அந்தச் சீசனுக்கு அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நாங்கள் கோல் வாங்கினால் வலையிலிருந்து பந்தை நானே எடுத்து, மெதுவாக நடந்து நடுவுக்குக் கொண்டுபோவேன். வழியில் ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: "அடுத்த பந்தை நீ கேள்." பெரும்பாலும் அணியிலேயே வயதில் சிறியவன்தான் முதலில் கேட்பான்.