முன்னாள் மாணவர் தினத்தில் ‘கல்வியும் சமூகமும்’ வகுப்பு: என்ன பேசலாம்?

காவிரிக்கரை கேட்டது:

எங்கள் பொறியியல் கல்லூரியில் அடுத்த மாதம் முன்னாள் மாணவர் தினம். இந்தத் தடவை பொன்னாடை, நினைவுப்பரிசு, ஆர்க்கெஸ்ட்ரா எல்லாவற்றையும் சுருக்கிவிட்டு, பழைய மாணவர்களே வகுப்பறைகளில் முக்கால் மணி நேரம் பாடம் எடுக்கலாம் என்று சங்கத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். வருகைப்பதிவு கிடையாது, பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்க்கொண்டே இருக்கலாம். என் தலையில் விழுந்த தலைப்பு ‘கல்வியும் சமூகமும்’. நான் பாலம் கட்டுகிறவன், எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. எதிரே 70களில் படித்த பெரியவர்களும் இருப்பார்கள், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். காமராஜர், மதிய உணவு என்று ஆரம்பித்தால் பட்டிமன்றம் மாதிரி ஆகிவிடுமே என்று பயமாக இருக்கிறது. யோசனை சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்:

உரை எதுவும் தயாரிக்காதீர்கள். ‘நீங்கள் எப்படி இந்தக் கேட்டுக்குள் வந்தீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள், போதும். பெரியவர்கள் பி.யு.சி. (பிளஸ் டூவுக்கு முன்பு கல்லூரியில் இருந்த ஓராண்டுப் படிப்பு) முடித்துவிட்டு ஐந்து வருட பி.இ. படிக்க வந்தவர்கள், பிளஸ் டூ வந்ததே 1978இல்தான். 1984இல் நுழைவுத்தேர்வு வந்தது, சுயநிதிக் கல்லூரிகளும் அதே சமயம்தான், அதனால் 85இல் சேர்ந்தவரும் 2005இல் சேர்ந்தவரும் பேசினால் ‘நுழைவுத்தேர்வில் எவ்வளவு’ என்று ஒரே பாஷையில் பேசிக்கொள்வார்கள். 2007இல் நுழைவுத்தேர்வு போய்விட்டது, அதற்கப்புறம் வந்தவர்களுக்கு எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இருநூறுக்குக் கட்-ஆஃப்தான். ஒவ்வொரு தடவை விதி மாறும்போதும் யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பது அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கும். அதைவிட வேறென்ன சமூகவியல் வேண்டும்?

90களின் கடைசியில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்கு (எல்லாக் கல்லூரி இடங்களையும் ஒரே இடத்தில் நிரப்பும் முறை) போன யாராவது ஒருவரை அவசியம் பேச வையுங்கள். கிண்டி வளாகத்தில் பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே மீதி இடம் குறைந்துகொண்டே வரும், பக்கத்தில் வேட்டி கட்டிய அப்பாக்கள் டிராஃப்டைப் பைக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2018இலிருந்து ஆன்லைன் என்பதால் இப்போதைய பிள்ளைகளுக்கு இது கதை மாதிரி இருக்கும்.

செல்லாக்காசு:

கேட்க நன்றாக இருக்கிறது, நடக்காது. பத்தாவது நிமிடத்தில் யாராவது ‘எங்கள் காலத்தில் மெரிட் இருந்தது’ என்று ஆரம்பிப்பார், அப்புறம் 69 சதவீத இட ஒதுக்கீடு, நீட் என்று போய், மதிய சாப்பாட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழு அப்படித்தான் இரண்டாகப் போனது. உள்ளே வந்த கதையை விட்டுவிட்டு, வந்த பிறகு எப்படித் தாக்குப்பிடித்தோம் என்று கேளுங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் வகுப்பில் உட்கார்ந்தவனைக் கேட்டால் தெரியும்.

மலர்க்கொடி:

சண்டை வரும் என்று பயந்தால் வானிலையைப் பற்றித்தான் பேச வேண்டும். ‘மெரிட்’ என்று சொல்கிறவரிடம் உங்கள் வீட்டில் உங்களுக்கு முன்னால் யார் பட்டம் வாங்கினார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பேச்சு தானாக இறங்கிவரும்.

என் கதையையே சொல்கிறேன். வீட்டிலேயே முதல் பட்டதாரி என்ற சான்றிதழ் வைத்துப் படித்தவள் நான், 2010இல் வந்த சலுகை அது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் டியூஷன் கட்டணம் கிடையாது. தாலுகா அலுவலகத்துக்கு அப்பா நடையாய் நடந்து வாங்கினார். ஆனால் வீட்டுக்கு ஒருவருக்குத்தான் என்பதால், நான் வாங்கிய பிறகு தம்பிக்கு இல்லை. அவன் டிப்ளமோவோடு வேலைக்குப் போய்விட்டான். இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை, ஆனால் இந்த மாதிரி சின்ன வகுப்பில் சொல்லியிருப்பேன். இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் 2021இலிருந்து இருக்கிறது, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அப்படி வந்த பிள்ளைகள் உங்கள் கல்லூரியிலும் இருப்பார்கள், அவர்களை முதலில் பேச விடுங்கள். சீனியர்கள் பேச ஆரம்பித்தால் மைக் திரும்ப வராது.

கடைசி பெஞ்ச்:

மைக்கே வேண்டாம். டெஸ்க்குகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலியை வட்டமாகப் போடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் நேரம் கேட்டு வாங்குங்கள், பிரியாணிக்குப் பிறகு எந்த வகுப்பும் தேறாது.

காவிரிக்கரை:

சரி, மலர்க்கொடி சொன்ன வரிசையிலேயே போகிறேன், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் முதலில். செல்லாக்காசு சொன்ன தமிழ் வழிக் கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறேன், அது என் கேள்வியும்தான். நேரம் காலை பதினொன்றரை கேட்டிருக்கிறேன். கல்லூரி முதல்வர் வந்து உட்காருவேன் என்கிறார், அவரை எப்படித் தவிர்ப்பது என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.