நியூடவுன்: ஃபிளானல் என்னும் மென்கம்பளித் துணி நெய்த வேல்ஸ் ஊர்

நடு வேல்ஸில் செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூடவுனுக்கு ஷ்ரூஸ்பெரியிலிருந்து இரயிலில் சென்றேன். பெயரைக் கேட்டுப் புது ஊர் என்று எண்ணிவிட வேண்டாம். முதலாம் எட்வர்ட் மன்னர் 1279இல் சந்தை கூட்டும் உரிமையை வழங்கிய ஊர் அது. நிலையத்துக்கு அருகிலேயே, பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் என்ற துணி வியாபாரி 1879இல் திறந்த செங்கல் மாளிகை உயர்ந்து நிற்கிறது. விலைப்பட்டியலை அஞ்சலில் அனுப்பி, கேட்டு வந்த சரக்கை இரயிலில் ஏற்றிவிட்ட அவரிடம் விக்டோரியா மகாராணியும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் துணி வாங்கினார்கள்.

நெசவு அருங்காட்சியகத்தில்தான் எனக்கு அதிக நேரம் சென்றது. கீழ்த்தளங்களில் நெசவாளர்களின் நெருக்கமான குடித்தனங்களும், வெளிச்சத்துக்காக வரிசையாகச் சன்னல் வைத்த மேல்தளங்களில் தறிகளுமாக அமைந்த கட்டடம் அது. “இங்கிலாந்தின் கம்பளி நகரமான லீட்ஸோடு ஒப்பிட்டு, எங்கள் ஊரை வேல்ஸின் லீட்ஸ் என்பார்கள்” என்றார் அங்கிருந்த முதியவர். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நீராவியால் ஓடிய தறிகளோடு விலையில் போட்டியிட முடியாமல் அந்தப் பெருமை சரிந்தது. சரக்கை வெளியே கொண்டுசென்ற அதே இரயில், வெளியூர் மலிவுத் துணியையும் உள்ளே கொண்டுவந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பதில் 1

ராச்டேல் என்றீர்களே ஐயா, அதில் ஒரு வேடிக்கை உண்டு. கூட்டுறவுச் சிந்தனையாளர் ராபர்ட் ஓவன் 1771இல் பிறந்ததும் 1858இல் இறந்ததும் நியூடவுனில்தான். அவருடைய கருத்துகளால் உந்தப்பட்டு 1844இல் கூட்டுறவுக் கடை திறந்தவர்களோ, ராச்டேலின் ஃபிளானல் நெசவாளர்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள்! சென்னையில் 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலைக்கும் அந்த வழிதான் முன்மாதிரி. ஆற்றோரப் பழைய தேவாலயத்தில் ஓவனின் கல்லறையைப் பார்த்தேன். அதைச் சுற்றியுள்ள இரும்பு வேலியைக் கூட்டுறவு இயக்கத்தினர் 1902இல் அமைத்தார்கள்.

பதில் 2

பிற்காலத்தையும் சொல்ல வேண்டும். இளைஞர்கள் வேலை தேடி வெளியேறியதால் நடு வேல்ஸ் காலியாகிக்கொண்டிருந்தபோது, அரசு 1967இல் இவ்வூரைத் திட்டமிட்ட புதுநகராக அறிவித்து, தொழிற்கூடங்களையும் வீடுகளையும் கட்டியது. மக்கள்தொகை பெருகியது, லாரி நெரிசலும் கூடவே வந்தது. 2019இல் புறவழிச்சாலை திறந்த பிறகு நான் பேசிய கடைக்காரர் ஒருவர், தெருவைக் கடப்பது எளிதாகிவிட்டது என்றும் வியாபாரம் மட்டும் அப்படியே இருக்கிறது என்றும் சொன்னார். சாலையை விட, மலிவான கடை வாடகையே இவ்வூருக்கு அவசரத் தேவை என்று எனக்குத் தோன்றியது.