கிளைக்குக் கிளை ஆழம் மாறினால் நிலையை எப்படிக் குறிப்பது?

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் கிடைக்கிற பழைய இசைகுடிமானங்களை (நகரத்தார் திருமண ஒப்பந்த ஆவணங்களை) ஸ்கேன் செய்து, கோயில், பிரிவு, ஊர் என்று மூன்று நிலையாக ஸ்கோஸில் (SKOS, வகைப்பாடுகளைக் கணினிக்குப் புரியும்படி எழுதும் தரம்) வகைப்படுத்துகிறோம். நகரத்தார் குலம் பிரியும் கோயில்கள் 9. இளையாற்றங்குடிக்கும் மாத்தூருக்கும் தலா 7 பிரிவு, வைரவன்கோயிலுக்கு 3, ஆனால் பிள்ளையார்பட்டி, நேமம் உட்பட மற்ற 6 கோயில்களுக்குப் பிரிவே கிடையாது. அதனால் இளையாற்றங்குடியின் ஒக்கூருடையார் பிரிவின் கீழ் வரும் ஊர் 3ஆம் ஆழத்தில் இருக்கிறது, நேமத்தின் கீழ் வருவது 2லேயே நின்றுவிடுகிறது. ஆழத்தை எண்ணி ஊர்களை மட்டும் எடுக்கப் போனால் பிரிவுகளும் சேர்ந்து வந்து கலக்கின்றன.

ஸ்கோஸில் படிநிலையைக் காட்ட மேல், கீழ் உறவுதான் உண்டு, நிலை என்று தனியாக எதுவும் இல்லை. அதன் விரிவாக்கமான எக்ஸ்கோஸில் (XKOS) நிலையை ஒரு தொகுப்பாக அறிவித்து அதற்கு ஆழ எண்ணும் கொடுக்கலாம், அதுதான் சரி என்று படுகிறது. நேமத்துக்குப் போலியாக ஒரு பிரிவை நுழைத்துவிடலாம் என்கிறார் குழுவில் ஒருவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இல்லாத பிரிவை எழுதி வைத்தால் நாளைக்கு வம்சம் தேடி வருகிறவர்கள் அதை நிஜம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இப்படி நடுவில் ஒரு நிலையைத் தாண்டிப் போகும் கிளையை எக்ஸ்கோஸில் எழுதியவர்கள் ஒரு மாதிரி அனுப்புங்களேன். அப்புறம், ஊர் நிலைக்கு எல்லாக் கிளையிலும் 3 என்றே வைத்தால் மற்ற கருவிகள் தடுமாறுமா?