கிராஃப்ட் பீர் ருசிப்பதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ளலாமா?

ஓசூர் எல்லை:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூரில் வேலை பார்ப்பவன். புதிதாகச் சேர்ந்தவர்களை அறிமுகப்படுத்துவதற்காக அலுவலகத்தில் சென்ற வாரம் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் பொழுதுபோக்கு என்றிருந்த கட்டத்தில் ‘கிராஃப்ட் பீர்’ என்று எழுதிக் கொடுத்தேன். சிறு ஆலைகளில் குறைந்த அளவில், வெவ்வேறு சுவைகளில் காய்ச்சும் பீர் அது. வீட்டில் இதைச் சொன்னபோது என் பெரியப்பா, “குடிப்பழக்கம் என்று எழுத அதில் இடம் விடவில்லையா?” என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

நான் செய்வது இதுதான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே பரிமாறும் மைக்ரோ புரூவரி ஒன்றில் அமர்ந்து, அதுவரை ருசித்திராத வகைகளைச் சிறு கோப்பைகளில் வாங்கி, நிறம், நுரை, மணம், கசப்பு, குடித்தபின் நாக்கில் நிற்கும் சுவை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். மூன்று ஆண்டுகளில் 140 குறிப்புகள் சேர்ந்திருக்கின்றன. கோதுமை பீரில் ஏன் வாழைப்பழம் மணக்கிறது என்று தேடிப் படித்தபோது, அதில் பழமே சேர்ப்பதில்லை என்றும், கனிந்த வாழைப்பழத்தில் உள்ள ஐசோஅமைல் அசிட்டேட் என்ற பொருளையே நொதிக்கும்போது ஈஸ்ட்டும் உண்டாக்குகிறது என்றும் தெரிந்துகொண்டேன். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை மிகுதியாகச் சேர்த்த பீரை முதன்முதலில் முகர்ந்தபோது, மாங்காயின் காம்பைக் கிள்ளினால் வடியும் பாலின் மணம் நினைவுக்கு வந்தது. அது வெறும் பிரமை அல்ல. மைர்சீன் என்ற எண்ணெய்ப்பொருள் இரண்டிலும் இருக்கிறது. இத்தனை மெனக்கெடலுக்குப் பிறகும் இது வெறும் குடிதானா?

பாரூர் ஏரிக்கரை:

தம்பி, உங்கள் கேள்வி நேர்மையானது என்பதால் நேராகவே பதில் சொல்கிறேன். எனக்கு மாந்தோப்பு இருக்கிறது. சேந்தூரா, தோதாபுரி, நீலம், அல்போன்சா ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டு வாயில் போட்டாலே பிரித்துச் சொல்லிவிடுவேன். மழைக்கு முன் பறித்ததா, பின் பறித்ததா என்பதையும் ஓரளவு சொல்வேன். ஆனாலும் ஓய்வுபெற்ற ஆசிரியனான என்னை யாரும் மாம்பழம் தின்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர் என்று சொன்னதில்லை. மாம்பழப் பிரியர் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒருவர் ஒரே மரத்தில் ஐந்து இனங்களை ஒட்டுக்கட்டி, எந்தக் கிளை பிடித்தது, எது பட்டுப்போனது என்று பார்த்துப் பார்த்து வளர்க்கிறார். அது பொழுதுபோக்கு. அவர் கை பட்டதால் உலகில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. நீங்கள் எழுந்து வந்தபின் அந்த மேசையில் மிஞ்சியிருப்பது காலிக் கோப்பை. நாக்கு கூர்மையானது என்பதற்காகத் தின்பதும் குடிப்பதும் வேறு பெயர் பெற்றுவிடாது.

தொப்பூர் மேடு:

ஐயாவின் மாமர உவமை அழகாக இருக்கிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனால் ரசிகர்கள் அனைவரையும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து தொடங்கிவிட்டால், அர்ச்சுனன் தபசுக்கு ஓர் ஊர், துரியோதனன் படுகளத்துக்கு இன்னோர் ஊர் என்று பங்குனி முதல் அலைகிறவர்களை நீங்களும் அறிவீர்கள். அவர்கள் வேடம் கட்டியதில்லை, ஓர் அடி பாடியதில்லை. ஆனாலும் எந்தக் குழுவின் கட்டியங்காரன் எந்த இடத்தில் சொந்தமாகச் சேர்த்துப் பேசுவான் என்பது வரை அவர்களுக்கு அத்துப்படி. விடியும்போது அவர்கள் கையில் மிஞ்சுவதும் ஒன்றுமில்லை. அதைப் பொழுதுபோக்கு அல்ல என்று சொல்வீர்களா?

ஓய்வுநேரச் செயல்களை ஆராய்ந்த ராபர்ட் ஸ்டெபின்ஸ் என்ற சமூகவியலாளர் 1982 இல் ஒரு பாகுபாட்டை முன்வைத்தார். பயிற்சி தேவைப்படாத, உடனடி இன்பம் தந்து கலைந்துவிடும் செயல்கள் ஒருபுறம். விடாமுயற்சியும் தேடலும் படிப்படியான தேர்ச்சியும் கோரும் முனைப்பான செயல்கள் மறுபுறம். பொழுதுபோக்காளர்களை அவர் இந்த இரண்டாம் பிரிவில்தான் வைக்கிறார். அவர்களுள் சேகரிப்பவர்களும் செய்பவர்களும் விளையாடுபவர்களும் இருப்பதுபோல, ஒன்றைப் பற்றிய அறிவுக்காகவே அதை நாடுபவர்களும் இருக்கிறார்கள். ஓசூர் நண்பரின் 140 குறிப்புகள் இந்தக் கடைசி வகையில் தயக்கமின்றி அடங்கும்.

மத்திகிரி:

கூத்துப் பார்த்தவர் விடியற்காலையில் தானே வண்டியோட்டி வீட்டுக்கு வரலாம். பீர் ருசித்தவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டிவிட்டால் வண்டியைத் தொடக்கூடாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஓசூர் எல்லை:

நான் ரயிலில்தான் போய்வருகிறேன் என்பதை முதலிலேயே எழுதியிருக்கிறேன், அண்ணா. ஆனாலும் நீங்கள் சொன்ன வேறுபாட்டை நான் மறுக்கவில்லை.

பாரூர் ஏரிக்கரை:

தொப்பூர் நண்பரே, கூத்து என்னை ஒரு கணம் திணறவைத்தது உண்மை. ஆகவே வேறு விதமாகக் கேட்கிறேன். அந்தப் பீரிலிருந்து ஆல்கஹாலை மட்டும் எடுத்துவிட்டு, நிறமும் மணமும் கசப்பும் அப்படியே இருக்கும்படி கொடுத்தால், இந்தத் தம்பி மாதம் இரண்டு முறை ரயிலேறுவாரா? ஏறுவார் என்றால் என் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏறமாட்டார் என்றால் குறிப்பேடு என்பது போதைக்குப் போர்த்திய பொன்னாடை என்றுதான் கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கிரானைட் குவாரியில் கல்லுடைத்துவிட்டு மாலையில் டாஸ்மாக் கடை வாசலில் நிற்பவரைக் குடிகாரர் என்கிறோம். அவர் குடிப்பதும் சில சமயம் பீர்தான். பெங்களூரில் ஒரு கோப்பைக்கு 400 ரூபாய் கொடுக்க முடிந்தவர் அதையே ரசனை என்றும் பொழுதுபோக்கு என்றும் எழுதிக் கையொப்பமிடுகிறார். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்போது அதற்குள்தான் இருந்தன. அந்தக் காலத்தில் கள்ளுக்கடைக்குப் போன எங்கள் பாட்டன்மாருக்கும் எந்த மரத்துக் கள் எப்படி இருக்கும் என்பது நாக்கிலேயே தெரியும். அவர்களுக்கு இந்தக் கௌரவமான பெயரை யாராவது கொடுத்தார்களா?

கேழ்வரகு வீடு:

பெண்கள் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளலாம் என்றால் எனக்கும் சொல்ல இருக்கிறது. நான் பென்னாகரம் பக்கம் முளைகட்டிய கேழ்வரகு மாவு தயாரித்து விற்கிறேன். மால்ட் என்ற சொல்லுக்கு முளைக்கவைத்து உலர்த்திய தானியம் என்றுதான் பொருள். பார்லிக்கு அவர்கள் செய்வதைத்தான் கேழ்வரகுக்கு நாங்கள் செய்கிறோம். இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, ஏறக்குறைய இரண்டு நாட்களில் வெள்ளை வேர் விட்டதும் உலர்த்த வேண்டும். முளைக்கும்போது தானியத்துக்குள் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்குவதால்தான் அந்தக் கஞ்சி தானாகவே இனிக்கிறது. பீர் காய்ச்சுபவருக்கும் அந்தச் சர்க்கரைதான் வேண்டும். அதைத்தான் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்குகிறது. சிக்கிமிலும் கிழக்கு நேபாளத்திலும் நம் கேழ்வரகையே புளிக்கவைத்து, சுடுநீர் ஊற்றி, குழாய் வைத்து உறிஞ்சும் தோங்பா என்ற பானம் இருக்கிறது. இவ்வளவு தொலைவு போகும் தம்பி, தன் பாட்டி வீட்டுத் துணிமூட்டையை எப்போதாவது அவிழ்த்துப் பார்த்தாரா என்று அறிய விரும்புகிறேன்.

என் வாதம் இதுதான். தொடங்கிய ஆண்டில் ஒருமுறை பத்து கிலோ தானியம் பூசணம் பூத்து நாறிப்போனது. துணியை இறுக்கிக் கட்டி, காற்றுப் புகாமல் விட்டிருந்தேன். அந்த நாற்றத்தை முகர்ந்த பிறகுதான் சரியான முளையின் மணம் எது என்பது எனக்கு உறுதியாயிற்று. கெடுக்க வாய்ப்பில்லாத இடத்தில் பொழுதுபோக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பணம் கொடுத்துக் கோப்பை வாங்குபவரால் எதையும் கெடுக்க முடியாது. பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டு அடுத்ததைக் கேட்கலாம், அவ்வளவுதான்.

அதே சமயம் ஐயாவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் பேசுவது குடிப்பது நல்லதா என்பதைப் பற்றி அல்ல. 2008 மே மாதத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஒட்டியுள்ள கருநாடகப் பகுதிகளிலும் விஷச்சாராயம் குடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததை நான் மறக்கவில்லை. மதுவின் மீது எனக்கு எந்தப் பரிவும் இல்லை. ஆனால் பொழுதுபோக்கு என்பது நற்சான்றிதழ் அல்ல. சீட்டாட்டமும் சேவல்கட்டும் பொழுதுபோக்குகளாகவே இருந்து குடும்பங்களைக் கெடுத்திருக்கின்றன.

தொப்பூர் மேடு:

அக்கா சொன்ன கடைசிப் பத்தியை அப்படியே ஏற்கிறேன். இந்த விவாதம் சூடாவதற்குக் காரணமே அந்தச் சொல்லை நாம் பட்டமாகப் பயன்படுத்துவதுதான். ஆனால் கெடுக்க முடிந்தால்தான் பொழுதுபோக்கு என்ற அளவுகோல் ஓசூர் நண்பருக்கு அநியாயமானது. அவர் தம் வீட்டில் ஒரு குடம் காய்ச்சிப் பார்க்க நினைத்தால், அது நம் மாநில மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். அமெரிக்காவில்கூட வீட்டில் பீர் காய்ச்சுவதற்குக் கூட்டாட்சிச் சட்டத்தின் அனுமதி, 1978 இல் அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் வந்தது. இன்று அங்கே பெயர் பெற்றிருக்கும் சிறு ஆலைகள் பலவற்றைத் தொடங்கியவர்கள் வீட்டு அடுப்பில் காய்ச்சிப் பழகியவர்கள். கையைக் கட்டிப்போட்டுவிட்டு, உன் கையில் வேலை இல்லையே என்று கேட்பது முறையா?

குவாரித் தொழிலாளியைப் பற்றி ஐயா சொன்னது என்னைச் சுட்டது. அதில் பாதி உண்மை. மற்றப் பாதி என்னவென்றால், அவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் லேகர் என்ற வகைப் பீர் புட்டிகள்தான். ஒப்பிடுவதற்கு வேறொன்று இல்லாத இடத்தில் நாக்கு எதைக் கற்றுக்கொள்ளும்? ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருவதற்கு முன்பு, குடித்த ஒரு வாய்த் தண்ணீரை வைத்தே இது எந்தக் கிணறு, எந்த ஆழ்துளைக் குழாய் என்று சொன்னவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். ஆறேழு விதமான தண்ணீர் இருந்ததால் வந்த தேர்ச்சி அது. பீரிலும் தண்ணீரின் கதை பெரியது. செக் நாட்டுப் பில்சென் நகரின், உப்புகள் குறைந்த மென்னீரில் ஒரு வகை பிறந்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து, ஜிப்சம் கலந்த கடினநீரில் கசப்பு எடுப்பாகத் தெரியும் வேறொரு வகை பிறந்தது. தருமபுரிக்காரன் இதைப் படித்துவிட்டு இரவில் தூக்கம் கெட்டுக் கிடந்தால், அதைப் போதை என்று சொல்லிவிட முடியாது.

மத்திகிரி:

தூக்கம் கெட்டவர் அன்று குடித்திருந்தாரா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஓசூர் எல்லை:

ஐயா கேட்ட சோதனையை நான் முன்பே செய்து பார்த்திருக்கிறேன். ஆல்கஹால் நீக்கிய கோதுமை பீரை இரண்டு முறை வாங்கினேன். மணம் ஏறக்குறைய இருந்தது. ஆனால் வாயில் கனமில்லாமல், ஆறிய கஞ்சித்தெளிவு போல வழுக்கிக்கொண்டு போயிற்று. அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். மற்றக் குறிப்புகளைவிட அதுவே நீளமானது. ஆனால் அதற்காக மட்டும் ரயிலேறுவேனா என்றால், மாட்டேன். இதை மறைத்துப் பேசினால் இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே பொருளில்லாமல் போய்விடும்.

நேற்றிரவு அக்காவின் பதிவைப் படித்துவிட்டுக் குறிப்பேட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஒவ்வொரு நாளும் முதல் கோப்பைக்கு முக்கால் பக்கம் எழுதியிருக்கிறேன். இரண்டாவதற்கு நான்கைந்து வரிகள். மூன்றாவது கோப்பை குடித்த நாட்கள் 38. அவற்றில் பெரும்பாலானவற்றில் ‘நன்று’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. சிலவற்றில் பீரின் பெயர்கூட இல்லை.

கேழ்வரகு மூட்டையை நான் அவிழ்த்ததில்லை, அக்கா. பாட்டி இருந்தவரை முறத்தில் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடியது மட்டும் நினைவிருக்கிறது.

பாரூர் ஏரிக்கரை:

தம்பி, மூன்றாம் கோப்பையை நீங்களாகவே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டீர்கள். அதற்கு மேல் நான் குறுக்கு விசாரணை செய்வது அழகல்ல. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னதை மட்டும் நினைவூட்டுகிறேன். அது முதல் கோப்பைக்கும் பொருந்தும். முக்கால் பக்கம் எழுதவைத்த அந்த முதல் கோப்பை பொழுதுபோக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘நன்று’ என்று எழுதிய கோப்பைக்கு உங்கள் பெரியப்பா சொன்ன பெயர்தான் சரி.

தொப்பூர் மேடு:

அப்படியானால் விடியும்வரை கூத்துப் பார்ப்பவர் நான்காம் சாமத்தில் கண்ணயர்ந்துவிட்டால், அந்த நேரம் மட்டும் அவர் ரசிகர் இல்லையா? கோப்பையை எண்ணிப் பெயர் மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா.

கேழ்வரகு வீடு:

கண்ணயர்ந்தவர் மறுநாள் நண்பர்களிடம் தூங்கிவிட்டேன் என்று சொல்லிவிடுவார். படிவத்தில் மூன்றாம் கோப்பைக்குக் கட்டம் இல்லை.

ஓசூர் எல்லை:

படிவத்தைக் கொடுத்துவிட்டேன், இனித் திருத்த முடியாது. வரும் திங்கட்கிழமை அறிமுகக் கூட்டத்தில் அதைப் படித்துவிட்டு இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். வாழைப்பழ மணத்தைப் பற்றியும் மாங்காய்ப் பாலைப் பற்றியும் சொல்வதற்குத் தயாராக இருக்கிறேன். அந்த 38 நாட்களையும் சேர்த்துச் சொல்வேனா என்பதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.