யூரிக்கேஸ் நொதியை வைட்டமின் சி தடுக்கிறதா? உதவி தேவை

கேள்வி:
வணக்கம். யூரிக் அமிலத்தை உடைக்கும் யூரிக்கேஸ் நொதியின் தடுப்பான்களை முதுகலை ஆய்வேட்டுக்காகச் சோதித்துவருகிறேன். இரத்தப் பரிசோதனைக்கு விற்கும் கிட்டில், வினையில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு பெராக்சிடேஸ் இளஞ்சிவப்பு நிறத்தை உண்டாக்கும். அந்நிறம் ஏறும் வேகத்தை முதல் நிமிடத்தில் அளக்கிறேன். வைட்டமின் சி சேர்த்தால் நிறமே வருவதில்லை. பொட்டாசியம் ஆக்சோனேட் என்னும் தடுப்பானோ, யூரிக் அமிலம் 20 மைக்ரோமோலாராக இருக்கும்போது 60 சதவீதமும், 120 ஆக இருக்கும்போது 30 சதவீதமும் மட்டுமே தடுக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
ஆக்சோனேட் விஷயத்தில் தவறேதும் இல்லை. அதன் வடிவம் யூரிக் அமிலத்தை ஒத்திருப்பதால் நொதியின் செயல் மையத்தில் அதே இடத்துக்குப் போட்டியிடுகிறது. யூரிக் அமிலம் பெருகப் பெருக அதன் பிடி தளரத்தான் செய்யும். 8-அசாசாந்தீனும் இவ்வகையே. ஆகவே தடுப்புச் சதவீதத்தை எழுதும்போது யூரிக் அமிலச் செறிவையும் சேர்த்தே எழுதுங்கள். அது இல்லாத சதவீதத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் ஒப்பிட முடியாது. சயனைடு வேறு வகை. ஆக்சிஜன் அமரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

பதில் 2:
வைட்டமின் சி மீதுதான் எனக்குச் சந்தேகம். அது ஒடுக்கி (பிற பொருள்களுக்கு எலக்ட்ரான் கொடுப்பது) என்பதால், யூரிக்கேஸைத் தொடாமலேயே நிறம் உருவாவதைக் கெடுத்துவிடும். யூரிக்கேஸும் யூரிக் அமிலமும் இல்லாமல், பெராக்சிடேஸும் சாயப்பொருளும் உள்ள குழாயில் நேரடியாகச் சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டுப் பாருங்கள். அங்கும் வைட்டமின் சி நிறத்தைத் தடுத்தால், குற்றவாளி யூரிக்கேஸ் அல்ல. பிறகு கிட்டை ஒதுக்கிவிட்டு, பி.எச். 8.5 போரேட் பஃபரில், யூரிக் அமிலத்தின் ஒளி உறிஞ்சல் 293 நானோமீட்டரில் குறைவதை நேரடியாக அளவிடுங்கள். யூரிக்கேஸும் யூரிக் அமிலமும் இல்லாமல் வைட்டமின் சி மட்டும் உள்ள குவெட்டையும் (அளவீட்டுக் கலம்) வெற்று அளவீடாக, அதாவது ஒப்பீட்டுக்காக, தவறாமல் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
செய்து பார்த்தேன். பெராக்சைடை நேரடியாக விட்ட குழாயிலும் நிறம் வரவில்லை. 293 நானோமீட்டரிலோ, வைட்டமின் சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் யூரிக் அமிலம் ஏறத்தாழ ஒரே வேகத்தில் குறைந்தது. ஆக்சோனேட் மட்டும் இரண்டு முறைகளிலும் வேகத்தைக் குறைத்தது.

பதில் 2:
நல்லது. இன்னொன்றையும் பாருங்கள்: நொதிப் புட்டியில் கெடாமலிருக்கச் சோடியம் அசைடு சேர்த்திருந்தால், அதுவும் பெராக்சிடேஸை முடக்கும். தாவரச் சாறுகளைச் சோதிக்கப் போகிறீர்களென்றால், அவற்றிலுள்ள பாலிபீனால்கள் வைட்டமின் சி செய்த அதே வேலையைச் செய்யக்கூடும். அவை 293-ஐ ஒட்டியும் ஒளியை உறிஞ்சும் என்பதால், ஒவ்வொரு செறிவுக்கும் தனி வெற்று அளவீடு தேவைப்படும்.