கலைச்சொல்: 'கிட்டச்சொல்' என்று வைத்தால் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்கும் திரையில், கட்டளையைத் தப்பாகத் தட்டினால் அதற்கு நெருக்கமான சரியான கட்டளையை எடுத்துக் காட்டுமே, அந்த வசதிக்குத் தமிழில் என்ன பெயர் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 'தானியங்கித் திருத்தம்', 'பிழைபொறுக்கும் பரிந்துரை', 'அண்மைக் கட்டளை' மூன்றும் இதுவரை வந்திருக்கின்றன. மூன்றையும் வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் சாயங்காலம் சில பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு பெண், நிரல் கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் ஸ்டேட்டஸ் கட்டளையைத் தட்டும்போது 'டி'யும் 'யூ'வும் இடம் மாறிவிட்டன. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று முதல் வரி வந்ததும் கையை எடுத்துவிட்டாள். "அண்ணா, என்னமோ கெட்டுப்போச்சு." சரியான சொல் அதற்குக் கீழேயே இருந்தது. அவள் கண் அங்கே போகவில்லை. விரலால் தொட்டுக் காட்டினேன். "ஓ, இதுவான்னு கேக்குதா?" என்றாள்.

கேட்கிறது. இந்த வசதியின் உயிர் அதில்தான் இருக்கிறது. அதனால்தான் 'தானியங்கித் திருத்தம்' வேண்டாம் என்கிறேன். சின்ன வயதில் அப்பா என்னை மண்ணடிக்கு பேரிங் வாங்க அனுப்புவார். 6204 என்று சொல்லி அனுப்பியதை நான் கடையில் 6240 என்றேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "6204 தானே தம்பி? சின்ன மோட்டாருக்குத்தானே?" என்றார். 6204-இன் உள்விட்டம் 20 மில்லிமீட்டர், 6240-க்கு 200. அவர் வாய் திறக்காமல் தானே ஒன்றை எடுத்துக் கட்டிக் கொடுத்திருந்தால் அது திருத்தம். கேட்டாரே, நாம் பெயர் வைக்க வேண்டியது அந்தச் செயலுக்கு.

கிட்டிலேயே இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. எதையும் மாற்றாமல் விட்டால் நெருங்கிய சொல்லைக் காட்டிவிட்டு நின்றுவிடும். தானாகத் திருத்தும் அமைப்பில் 10 என்று எழுதி வைத்தால், ஒரு நொடி பொறுத்துவிட்டு அதுவாகவே ஓட்டிவிடும், ஏனென்றால் அந்த எண்ணின் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் புதிதாக வருபவர் ஏமாந்துபோவார்.

'பிழைபொறுக்கும் பரிந்துரை' பொருளில் சரிதான், ஆனால் நீளம். 'அண்மை' எனக்கும் பிடித்திருந்தது. இலக்கணத்தில் 'இது' அண்மைச் சுட்டு, கடைசியில் வரும் 'ஆ' வினா எழுத்து, ஆக 'இதுவா?' என்ற கேள்விக்கே பொருத்தமான பெயர். ஆனால் வகுப்பில் 'அண்மைக் கட்டளை' என்றதும் இரண்டு பேர் மேல் அம்புக்குறியை அழுத்தி, சற்று முன் கொடுத்த கட்டளையைக் காட்டினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அண்மைச் செய்தி என்று தினமும் கேட்கிறோமே. முனையத்தில் பழைய கட்டளைகளின் பட்டியலும் இருக்கும்போது இந்தக் குழப்பம் தீராது.

நான் முன்வைப்பது கிட்டச்சொல். கிட்டப்பார்வை என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதே அச்சில் வார்த்தது. தொண்டையார்பேட்டையில் ஒரு பாட்டியிடம் சொன்னாலும் 'கிட்ட' புரியும். கிட் என்ற பெயரோடு ஒட்டி ஒலிக்கிறதே என்று கேட்பீர்கள். எழுத்தில் 'ச்' நடுவே நிற்பதால் ஒரே சொல்லாகத்தான் படிக்கிறோம், வகுப்பில் யாரும் தடுமாறவில்லை.

அப்புறம், எவ்வளவு கிட்ட என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். 'திருத்தத் தொலைவு' போதும் என்று நினைக்கிறேன், ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை திருத்தம் வேண்டும் என்ற கணக்கு அது. எழுத்துப்பிழைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒரு எழுத்து கூடுவது, குறைவது, மாறுவது, பக்கத்து எழுத்துகள் இரண்டு இடம் மாறுவது ஆகிய நான்கில் ஒன்று என்று 1964-இல் டேமராவ் என்ற ஆய்வாளர் எழுதினார். அடுத்த ஆண்டு வந்த, லெவன்ஷ்டைன் என்பவரின் தொலைவுக் கணக்கில் இடமாற்றம் தனி வகை இல்லை, இரண்டு திருத்தமாக எண்ணப்படும். கிட் ஒவ்வொரு வகைப் பிழைக்கும் ஓர் எடை வைக்கிறது: இடமாற்றத்துக்கு 0 போடுகிறது, எழுத்து மாறினால் 2. அவசரமாகத் தட்டும் விரலை நன்றாக அறிந்தவர்கள் எழுதிய கணக்கு அது.

தமிழில் கட்டளை வைக்கும் கருவிகளுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுக்க முடியாது. முதலில், ஒருங்குறியில் (யூனிகோடில்) 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணக்கில் தொலைவு வந்துவிடும். ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே அளக்க வேண்டும். இரண்டாவது, ஒலி. எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரம் பலருக்கு யகரமாகவோ ளகரமாகவோ வரும். பேசுவதுபோலவே தட்டுவார்கள். அதனால் ழ, ள, ய மூன்றுக்கும் நடுவே தொலைவைக் குறைத்து வைக்க வேண்டும். ஆனால் குறைத்தால் 'அழி'யும் 'அளி'யும் ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று கோப்பை நீக்கும், மற்றது அனுமதி தரும்! இங்கே தானாகத் திருத்தினால் ஒருவருடைய உழைப்பு போய்விடும். கேட்டே ஆகவேண்டும்.

செய்தி வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

'அயி' என்ற கட்டளை இல்லை. கிட்டச்சொற்கள்: அழி, அளி. இதுவா?

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். மதுரை, கோவை, யாழ்ப்பாணம் பக்கத்து நண்பர்கள் உங்கள் ஊரில் எந்தெந்த எழுத்து எதுவாக மாறுகிறது என்று ஒரு வரி அனுப்புங்கள். எடைப் பட்டியலில் இப்போதைக்கு எங்கள் ஊர்ப் பிழைகள் மட்டும்தான் இருக்கின்றன.