லேப்டாப்பின் பயோஸில் (கணினியைக் கிளப்பும் முதல் நிரல்) யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றார்கள். உங்களுக்கும் நடந்ததுண்டா?

செந்தூல்காரன்

மகளின் படிப்புக்காகக் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன், 900 வெள்ளி (ரிங்கிட்). விண்டோஸைப் புதிதாகப் போட்டுத்தான் கொடுத்தேன். இரண்டாம் வாரம் பார்த்தால் செக்யூர் பூட், அதாவது கணினி கிளம்பும்போது (பூட்) நம்பகமான நிரல்தானா என்று பார்க்கும் பாதுகாப்பு, அணைந்து கிடக்கிறது. நான் அணைக்கவில்லை, அவளுக்கு அந்தப் பக்கமே தெரியாது. வேறொரு கடைக்குக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி பின்மூடியைக் கழற்றி, பயோஸ் இருக்கும் எட்டுக் கால் சிப்பின் மேல் கிளிப்பை மாட்டி, உள்ளே இருந்ததை அப்படியே தன் கணினிக்கு இறக்கினார். தயாரிப்பாளர் தளத்தில் உள்ள கோப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். திரையில் வரிக்கு வரி சிவப்பு. "அங்கிள், யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்" என்றார். அந்தச் சிவப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 120 வெள்ளிக்குத் தளத்தின் கோப்பையே சிப்பில் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் சீரியல் எண் இருந்த இடம் காலி, விண்டோஸ் உரிமம் கேட்கிறது. மகளின் வங்கிக் கடவுச்சொல் முதல் எல்லாம் அதில் தட்டியவைதான். யாராவது இப்படிப் பார்த்ததுண்டா?

ஈப்போ சாலை

1999 ஏப்ரல் 26. சிஐஎச் வைரஸ் என்றால் அந்தக் காலத்து ஆட்களுக்குப் புரியும். மாமா நடத்திய கணினி வகுப்பில் காலையில் ஏழு கணினிகளின் சுவிட்சைத் தட்டினோம். நான்கில் விசிறி மட்டும் சுற்றியது. திரை கறுப்பு, ஒரு 'பீப்' கூட இல்லை. மாமா ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். அப்போது பயோஸ் சிப்பில் எழுதத் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையெழுத்து எதுவும் தேவையில்லை, விண்டோஸ் 98இல் ஓடிய வைரஸ் நேரே போய் அழித்துவிட்டது. டிஸ்க்கில் இருந்த மாணவர் கணக்கும் சேர்ந்து போயிற்று.

பாயான் லெப்பாஸ் இரவு ஷிப்ட்

செந்தூல் அண்ணா, அந்தத் தம்பி சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் சிப்பும் தளத்தில் உள்ள கோப்பும் ஒருநாளும் முழுசாகப் பொருந்தாது. அமைப்புகளைச் சேமிக்கும் பகுதி, சீரியல் எண், விண்டோஸ் உரிமச் சாவி எல்லாம் அதே சிப்பில்தான் இருக்கின்றன. சிவப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தயாரிப்பாளரின் கையெழுத்து உள்ள பகுதிகளை மட்டும் பிரித்து ஒப்பிட வேண்டும். மொத்தமாக மேலே எழுதியதால்தான் உங்கள் சீரியல் எண் போனது. இன்னொன்று, நேரமும் தேதியும் தவறியிருந்தனவா? சில மாடல்களில் பட்டன் பேட்டரி தீர்ந்தால் அமைப்புகளும் பழைய நிலைக்குப் போய்விடும்.

நான் போர்டு தயாரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவள், என் கதை ஃபியூஸ். பூட் ஆகும் முதல் நிரலைச் சரிபார்க்கும் சாவியின் ஹேஷை (அதன் சுருக்க அடையாளத்தை) போர்டின் முதன்மைச் சிப்புக்குள் ஃபியூஸாக எரிப்போம். எரித்தது எரித்ததுதான், திருத்த வழியே கிடையாது. ஒரு ராத்திரி அந்த இடத்தில் சோதனைச் சாவி ஏற்றியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மேசையில் ஒரு தட்டு முழுக்க, 24 போர்டு, ஒன்றிலும் விளக்கு எரியவில்லை. லைன் லீடர் பேசாமல் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கிராப் பெட்டியில் வைத்தார். எனக்கு உறுத்துவது அந்த நஷ்டம் இல்லை. ஃபர்ம்வேரும் (போர்டில் ஏற்றும் பயோஸ் நிரல்) சோதனைச் சாவியில் கையெழுத்தானதாக இருந்திருந்தால் 24ம் நன்றாகப் பூட் ஆகி, பெட்டிக்குள் போய், யார் வீட்டுக்கோ போயிருக்கும். 2024இல் பிகேஃபெயில் என்ற பெயரில் வெளிவந்த ஓட்டையும் இதே மாதிரிதானே? 'நம்ப வேண்டாம்' என்று பெயரிலேயே எழுதியிருந்த சோதனைச் சாவி நூற்றுக்கணக்கான மாடல்களில் விற்பனைக்கே போய்விட்டது. அதன் ரகசியப் பாதியும் இணையத்தில் கசிந்திருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் கணக்கர்

சம்பள நாள் காலை. அலுவலகக் கணினியில் பயோஸைப் புதுப்பித்தேன், நீலத் திரை வந்து, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். இன்றைக்கும் அந்தத் திரையை நினைத்தால் கை வியர்க்கிறது.

பாயான் லெப்பாஸ் அக்கா சொன்னது சரிதான், ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். 2018இல் ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்த லோஜாக்ஸ் என்ற தீய நிரல் அந்த பயோஸ் சிப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. டிஸ்க்கையே மாற்றினாலும் போகாது. 2023இல் பிளாக்லோட்டஸ் என்ற இன்னொரு தீய நிரல், செக்யூர் பூட் இயங்கும்போதே அதைத் தாண்டியது. அதனால் பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் முதல் வேலையாகத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து மட்டும் பயோஸைப் புதுப்பியுங்கள். அவர்களுடைய புதுப்பிப்பு நிரல் கையெழுத்தைச் சரிபார்த்துத்தான் எழுதும், சீரியல் எண்ணிலும் கை வைக்காது. ஆனால் அதற்கு முன் பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள். பூட் ஆகும்போது ஓடும் நிரலைக் கணினிக்குள் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி அளந்து வைக்கும், அளவு மாறினால் டிஸ்க் சாவியைத் தராது. எனக்கு நடந்தது அதுதான். மீட்புச் சாவியைத் தாளில் அச்சடித்து வேறிடத்தில் வையுங்கள். பயோஸுக்குக் கடவுச்சொல் போடுங்கள், யுஎஸ்பியிலிருந்து பூட் ஆவதை அணையுங்கள். விற்ற கடைக்காரர் "செக்யூர் பூட் வேண்டாம், வேகம் குறையும்" என்றால் கேட்காதீர்கள். கையெழுத்துச் சரிபார்ப்பு பூட் ஆகும்போது நடந்து முடிந்துவிடும், அப்புறம் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

செந்தூல்காரன்

பாயான் லெப்பாஸ் தங்கச்சி, தேதி தவறித்தான் இருந்தது. 2019 என்று காட்டியது. வைஃபை இல்லாததால் என்று நினைத்துச் சரிசெய்துவிட்டேன், கடையில் சொல்லவும் இல்லை. எழுதுவதற்கு முன் இறக்கிய நகல் அந்தத் தம்பியிடம் இருக்கிறதாம். சனிக்கிழமை பென்டிரைவோடு போகிறேன். சீரியல் எண்ணை அதிலிருந்து எடுக்கலாம்தானே? கையெழுத்துள்ள பகுதியை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று எழுதினால் அவரிடம் காட்டுவேன். மகள் கேமரா மேல் ஒட்டிய பிளாஸ்திரியை இன்னும் எடுக்கவில்லை.